வட்டெழுத்துக் கல்லின் முப்பரிமாண மாதிரி நடுவில் உப்பி வருகிறது: உதவி தேவை

தக்கலைக்காரன்:
வணக்கம். வேளிமலை அடிவாரத்தில் ஒரு குளக்கரையில் கிடக்கும், வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்துமுறை) பொறித்த கல்லை, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, போனில் படமெடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்யும் மெஷ்ரூம் மென்பொருளில் ஏற்றினேன். எழுத்துகள் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் கல்லின் முகம் நடுவில் ஒரு சென்டிமீட்டர் உப்பித் தெரிகிறது. கொத்தனாரின் அலுமினியக் கோலை வைத்துப் பார்த்தால் கல் மட்டமாகத்தான் இருக்கிறது. எழுத்தின் ஆழமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இந்த உப்பலோடு எதை அளப்பது? படங்கள் எல்லாம் நேர் எதிரே நின்று வரிசையாக எடுத்தவை. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்திருந்தேன். ஆண்டுக்கு இரண்டு பருவமழையில் நனையும் கல், அதனால்தான் அவசரம்.

பார்த்திவபுரம்:
தம்பி, எல்லாப் படமும் நேர் எதிரே இருந்தால் லென்ஸின் வளைவு எது, கல்லின் வளைவு எது என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது. லென்ஸின் பிழையைக் கல்லின் மேல் ஏற்றிவிடும். இடம், வலம், மேல், கீழ் என 20, 30 டிகிரி சாய்வில் இன்னொரு சுற்று எடுங்கள். போனைச் செங்குத்தாகத் திருப்பியும் சில படங்கள் வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், ஜூமைத் தொடாதீர்கள். மேகமூட்டமான காலை நேரம் நல்லது. வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும்.

எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் மட்டும் பூசிவிடாதீர்கள். மாதிரியில் நிறத்தை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் கொடுத்தாலே தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும்.

குழித்துறை ஆசிரியை:
ஒரு ஸ்கேல் போதாது. நீளம் சரியாகத் தெரிந்த மூன்று கோல்கள் வையுங்கள்: நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. இந்த இரண்டை வைத்து, மாதிரியை அளக்க உதவும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் அளவைப் பொருத்துங்கள். மூன்றாவதைக் கணக்கில் சேர்க்காமல் கடைசியில் அளந்து பாருங்கள். பிழை எவ்வளவு என்று அது சொல்லிவிடும்.

தக்கலைக்காரன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. மறுபடி எடுத்தேன், உப்பல் போய்விட்டது. மூன்றாவது கோல் 50 செ.மீ.; மாதிரியில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இனி எதையெல்லாம் சேமிக்க வேண்டும்?

பார்த்திவபுரம்:
முதலில் மூலப் படங்கள், ஒன்றுகூட விடாமல். நாளைக்கு நல்ல மென்பொருள் வந்தால் அவற்றிலிருந்துதான் திரும்பச் செய்ய முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி உதவாது, படத்தைச் சுருக்கிவிடும். மாதிரியை பிஎல்ஒய் (PLY) என்ற முப்பரிமாணக் கோப்பாக வையுங்கள். கோல்களின் நீளம், போன் மாடல், தேதி, கல் எந்தத் திசை பார்த்து இருந்தது என்பதை ஒரு உரைக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.