மகன் ஜூனியர் ஹொக்கிக்குப் போகிறான், படிப்பை எப்படிச் சமாளிப்பது?

வணக்கம் உறவுகளே. என் மகனுக்கு 16 வயது. கனடாவில் இளைஞர்கள் ஆடும் ஐஸ் ஹொக்கித் தொடரான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில், அணியொன்றில் இடம் கிடைத்திருக்கிறது. சந்தோசம்தான், ஆனால் எனக்கு நித்திரை வருகுதில்லை.

செப்டெம்பரிலிருந்து மார்ச் வரை 68 ஆட்டங்கள், பாதி வெளியூரில். சில வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆட்டம். அணி ஏற்பாடு செய்யும் குடும்பத்தோடு வேற்றூரில் தங்க வேண்டும். இப்பவே பயிற்சி முடிந்து வந்து, ஸ்கேட்டின் அலகைத் துடைத்தபடி கணிதப் புத்தகத்தை மடியில் விரித்து வைப்பான். இரண்டு பக்கம் தாண்ட முதல் கண் சொருகிவிடும்.

முன்பு இந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு அடைபட்டுவிடும். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. அதனால்தான் பாடப் புள்ளிகள் குறைந்துவிடக் கூடாதென்று இவ்வளவு பதறுகிறேன்.

பிள்ளையை இப்படி அனுப்பிய பெற்றோர் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பஸ் பயண நாட்களில் பாடங்களை எப்படி முடித்தார்கள்? இணையவழி வகுப்பு கைகொடுத்ததா? தங்கும் வீட்டாரிடம் முதலிலேயே என்னவெல்லாம் பேசிவைக்க வேண்டும்? அடுத்த மாதம் பதில் சொல்லியாக வேண்டும்.