காட்டுத்தீப் புகைக்கு ஒரு சொல் (திங்கட்கிழமைக்குள்)

பண்டாரவளை ஆசிரியை:
வணக்கம். உயர்தரப் புவியியல் வகுப்புக்காக, வட அமெரிக்காவின் கோடைத் தொடக்க வானிலை எதிர்வுகூறல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பாடம். வெப்பம், இடிமழை எல்லாம் முடிந்தது, புகையில்தான் நிற்கிறேன். 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்த புகை நியூயோர்க் வரை போய் வானமே செம்மஞ்சளானது நினைவிருக்கும். இந்த எதிர்வுகூறலில் புகை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று பல கிலோமீற்றர் உயரத்தில் மிதந்து போவது. சூரியன் சிவந்து தெரியும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது. மற்றது தரைக்கு இறங்கி, 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகளாக நெஞ்சுக்குள் போவது. இரண்டையும் புகைமூட்டம் என்று எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணம்:
சொல் நம்மிடமே இருக்கிறது: புகார். பனிமூட்டம், முகில் என்ற பொருள்கள் பழைய அகராதிகளிலேயே உண்டு. புகு, புகை, புகார் மூன்றும் ஒரே வேர் என்பது என் கட்சி. எதற்குள்ளும் புகுவதால் புகை. ஆறு கடலுக்குள் புகும் இடம் புகார். கண்ணுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் புகுவதால் இதுவும் புகார். மேலே போவது மேற்புகார், கீழே இறங்குவது தாழ்புகார். தூமம் என்று யாரும் வடமொழிப் பக்கம் போய்விட வேண்டாம்.

கோயம்புத்தூர்:
ஐயா, வேர் ஆராய்ச்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "கனடாப் புகார் நியூயார்க்கை அடைந்தது" என்று எழுதினால், இங்கே ஐ.நா.வில் ஏதோ வழக்கு என்று நினைப்பார்கள்.

யாழ்ப்பாணம்:
அது இந்துஸ்தானியிலிருந்து உங்களுக்கு வந்த புகார். நாங்கள் பொலிசில் கொடுப்பது முறைப்பாடு. உங்கள் இரவல் சொல்லுக்காக எங்கள் பிள்ளைகள் ஏன் சொந்தச் சொல்லை விட வேண்டும்?

மட்டக்களப்பு:
புகை ஒருபக்கம் இருக்கட்டும். டீச்சர், போன தடவை அனுப்பிய வரைவில் இடிமழையைப் புயல் என்று போட்டிருந்தீர்கள். 1978 நவம்பரில் சூறாவளி கண்ட ஊர் இது. அந்தச் சொல்லைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் கூரையைக் கட்ட ஓடுவார்கள். அப்புறம், பிள்ளைகளுக்குக் கியூபெக் எதற்கு? நம் ஊவா மாகாணத்திலேயே கச்சான் அடிக்கும் மாதங்களில் மலை எரிகிறதே.

கோயம்புத்தூர்:
கச்சானா? நிலக்கடலையா அடிக்கிறது?

மட்டக்களப்பு:
கடலையும் கச்சான்தான், அந்த வறண்ட மேற்குக் காற்றும் கச்சான்தான். கோடை என்பதே ஒருகாலத்தில் மேல்காற்றின் பெயர். கிழக்கே இருந்து வருவது கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல். கச்சான் எந்த வழியாக வந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு வாரம் விடுமுறை வேண்டும்.

ஹட்டன், ஓய்வு பெற்ற தோட்ட உத்தியோகத்தர்:
அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மே கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் எங்கள் பக்கம் ஊற்றித் தள்ளும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரமில்லாமல் வறண்டு போகிறது. யூலை, ஓகஸ்டில் அந்தக் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம். அதே காற்றில்தான் பத்தனா என்னும் மலைப் புல்வெளியில் மானாப்புல்லும் பற்றுகிறது. மின்னல் பாவம், அங்கே தீ வைப்பது பெரும்பாலும் மனிதன்தான். கனடாவில் மின்னலுக்கும் பெரிய பங்கு உண்டு. டீச்சர் இந்த வேறுபாட்டைப் பாடத்தில் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மூட்டம் என்றால் தரையோடு கிடப்பது. முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு தெரியாது, சட்டை நனைந்துவிடும். லயத்தில், அதுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஈரவிறகை அடுப்பில் வைத்தாலும் "பொகை மூட்டமாக் கெடக்கு" என்பார்கள். உயரத்தில் மெல்லிதாக விரிந்து கிடப்பதைப் படலம் என்றால் யாருக்கும் புரியும். கீழே புகைமூட்டம், மேலே புகைப்படலம். புதிதாக எதையும் உண்டாக்க வேண்டாம், சேர்.

யாழ்ப்பாணம்:
இந்தியாவில் ஓசோன் படலம், எங்கள் பாடநூலில் ஓசோன் படை. ஒரே புத்தகத்தில் இரண்டும் வரலாமா?

ஹட்டன்:
அப்படியானால் "புகைப்படை வருகிறது" என்று எழுதுங்கள். பிள்ளைகள் துவக்கு எங்கே என்று கேட்பார்கள்.

கோயம்புத்தூர்:
நான் புகைப்படலத்துக்கு. எங்கள் அகராதிகளில் இருக்கும் புகைப்பனி வேறு. அது நகரத்து வண்டிப் புகையும் பனியும் கலந்தது.

மட்டக்களப்பு:
நானும் அதற்கே. நித்திரை வருகிறது.

பண்டாரவளை ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. புகைமூட்டம், புகைப்படலம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். புயலை இடிமழை ஆக்கிவிட்டேன். பத்தனாத் தீக்கு ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன். இன்னும் ஒன்று: பெரிய காட்டுத்தீயின் வெப்பத்தில் புகை மேலெழுந்து, இடிமுகிலாகவே மாறி மின்னலும் தருமாம். 2017 சர்வதேச முகில் வகைப்பாட்டில் இதுபோன்றவற்றுக்குத் தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். இதற்கு?

யாழ்ப்பாணம்:
எரிமுகில். புகாரைக் கைவிட்டதற்கு என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன்:
எரிமுகில் என்றால் முகில் எரிகிறது என்றல்லவா ஆகும்? தீமுகில்.

யாழ்ப்பாணம்:
தீமுகில் என்றால் தீய முகில். வினைத்தொகை, பண்புத்தொகை வேறுபாட்டை நாளை எழுதுகிறேன்.