குறை எண்ணால் வகுக்கும்போது அசமன்பாட்டின் குறி ஏன் திரும்புகிறது?

கேள்வி – மாறிலி

வணக்கம். இயற்கணிதத்தை அடிப்படையிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே படியில் தீர்க்கக்கூடிய சமன்பாடுகளில் எனக்குத் தடை ஏதும் இல்லை. அதே வகை அசமன்பாடுகளுக்கு வந்தபோது இரண்டு ஐயங்கள் எழுந்தன. மாறியை 'ய' என்று குறிக்கிறேன்.

−3ய < 12 என்பதன் விடை ய > −4 என்றும், 4ய > −20 என்பதன் விடை ய > −5 என்றும் பயிற்சி ஏட்டில் உள்ளது. இரண்டிலும் குறை எண் இருக்கும்போது, முதலாவதில் மட்டும் குறி திரும்புவது எதனால்? "குறை எண்ணால் வகுத்தால் குறியைத் திருப்புக" என்ற விதியை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது ஐயம் எண்கோட்டைப் பற்றியது. ய > −4 என்றால் −4 விடையில் சேராது என்பது விளங்குகிறது. அப்படியானால் அடுத்த எண்ணாகிய −3-இல் புள்ளி வைத்து அங்கிருந்து கோட்டைத் தொடங்காமல், சேராத −4-இலேயே ஒரு வட்டத்தை வரைவது ஏன்?

மறுமொழி – தொடுகோடு

அசமன்பாட்டில் எங்கோ ஒரு குறை எண் இருப்பதால் குறி திரும்புவதில்லை. இரு பக்கங்களையும் நாம் எந்த எண்ணால் பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். 4ய > −20 என்பதில் நாம் வகுக்கும் எண் 4. அது மிகை எண். −20 என்பது வகுபடும் எண்ணே ஆகையால், அதன் குறிக்கு இதில் வேலை இல்லை. −3ய < 12 என்பதில் வகுக்கும் எண்ணே −3 ஆக இருப்பதால் குறி திரும்புகிறது.

காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம். 2 < 5 என்பது உண்மை. இரு பக்கமும் 3-ஐக் கூட்டினாலும் 10-ஐக் கழித்தாலும் இரண்டு எண்களும் எண்கோட்டில் ஒரே திசையில் ஒரே தொலைவு நகர்கின்றன; எனவே எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற வரிசை மாறுவதில்லை. மிகை எண்ணால் பெருக்கும்போது அவை 0-இலிருந்து விலகவோ 0-ஐ நெருங்கவோ செய்யும். அப்போதும் வரிசை அப்படியே இருக்கும். ஆனால் −1-ஆல் பெருக்கினால், 0-இல் ஒரு கண்ணாடியை நிறுத்தியதைப் போல ஒவ்வோர் எண்ணும் எதிர்ப்பக்கத்திற்குச் செல்கிறது. வலப்பக்கம் அதிகத் தொலைவில் இருந்த 5, இடப்பக்கம் அதிகத் தொலைவில் −5 ஆகிவிடுகிறது. ஆகவே −2 > −5.

இதையும் ஏற்க மனம் தயங்கினால், குறை எண்ணால் வகுக்காமலேயே உங்கள் கணக்கைத் தீர்த்துப் பாருங்கள்:

−3ய < 12
0 < 12 + 3ய (இரு பக்கமும் 3ய கூட்டப்பட்டது)
−12 < 3ய (இரு பக்கமும் 12 கழிக்கப்பட்டது)
−4 < ய (இரு பக்கமும் 3-ஆல் வகுக்கப்பட்டது)

எந்த வரியிலும் குறியை நாம் தொடவில்லை. ஆயினும் கிடைத்திருப்பது ய > −4 என்ற அதே விடைதான். கூட்டல், கழித்தல், மிகை எண்ணால் வகுத்தல் ஆகியவற்றிலிருந்தே பிறக்கும் ஒரு குறுக்குவழி என்பதால், குறி திரும்பும் விதியைத் தனியாக நம்ப வேண்டிய தேவையே இல்லை. (0-ஆல் மட்டும் பெருக்கக் கூடாது, இரு பக்கமும் 0 ஆகி, ஒப்பிட எதுவும் எஞ்சாது.)

மறுமொழி – பகாஎண்

எண்கோட்டைப் பற்றிய ஐயத்திற்கு மட்டும் விடை சொல்கிறேன். −4-க்கு அடுத்த எண் −3 என்பது முழுக்களுக்குள் மட்டுமே உண்மை. ய எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்றால் −3.9, −3.99, −3.999 ஆகிய யாவும் −4-ஐ விடப் பெரியவை. எனவே யாவும் தீர்வுகளே. −3-இல் தொடங்கினால் இவை அனைத்தும் விடுபட்டுவிடும். −4-ஐ எவ்வளவு நெருங்கினாலும் அதைவிட நெருங்கிய இன்னோர் எண் இருக்குமாதலால், இந்தத் தீர்வுக் கணத்திற்கு முதல் எண் என்று ஒன்று கிடையாது. ஆகவே −4-இல் உள்ளீடற்ற வட்டம் வரைந்து, "எல்லை இதுதான், ஆனால் இது சேராது" என்று காட்டுகிறோம். ய ≥ −4 என்று இருந்தால் அதே வட்டத்தை நிரப்பிவிட வேண்டும்.

ய முழுக்களை மட்டுமே ஏற்கும் என்று வினாவில் சொல்லப்பட்டிருந்தால் படமே வேறு. அப்போது −3, −2, −1, 0 எனத் தனித்தனிப் புள்ளிகளை வைத்து, அவை வலப்பக்கம் முடிவின்றித் தொடர்வதைக் காட்ட வேண்டும். புள்ளிகளுக்கு இடையே கோடு வரக் கூடாது.

மறுமொழி – மாறிலி

இருவருக்கும் நன்றி. குறை எண்ணால் வகுக்காமல் தீர்த்துக் காட்டியதுதான் எனக்குத் தெளிவைத் தந்தது. இன்னும் ஒன்று: 7 ≥ ய என்று விடை வந்தால், குறியின் கூர்முனை காட்டும் பக்கத்தைப் பார்த்து அம்புக்குறியை வரையலாமா? விடை சரியா என்பதை எப்படிச் சோதிப்பது?

மறுமொழி – தொடுகோடு

குறியின் வடிவத்தைப் பார்த்துத் திசையை முடிவு செய்யும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறி வலப்பக்கம் இருக்கும்போது அது தவறான திசையைக் காட்டும். 7 ≥ ய என்பதை "ய, 7-க்குச் சமம் அல்லது 7-ஐ விடச் சிறியது" என்று மாறியிலிருந்து படித்து, ய ≤ 7 என்று எழுதிக்கொண்டால் நிரப்பிய வட்டம் 7-இலும் அம்புக்குறி இடப்பக்கமும் வரும். இங்கே எதையும் பெருக்கவில்லை. ஒரே கூற்றை மறுமுனையிலிருந்து எழுதுகிறோம், அவ்வளவே.

சோதிப்பதற்கு இரண்டு எண்கள் வேண்டும். −(2/3)ய ≥ 8 என்று கொள்வோம். இரு பக்கங்களையும் −3/2-ஆல் பெருக்கினால் குறி திரும்பி ய ≤ −12 என்று கிடைக்கும். முதலில் எல்லை எண்ணாகிய −12-ஐப் பிரதியிட்டால் 8 ≥ 8. எல்லை சரி, வட்டத்தையும் நிரப்பலாம். ஆனால் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். குறியைத் திருப்ப மறந்து ய ≥ −12 என்று எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை இப்படியே வெற்றி பெற்றிருக்கும்! திசையைச் சோதிக்க எல்லைக்கு வெளியே ஓர் எண் தேவை. 0 எல்லையாக இல்லாதபோது அதுவே எளியது. 0-ஐப் பிரதியிட்டால் 0 ≥ 8 என்று வருகிறது, இது பொய். எனவே 0 இருக்கும் வலப்பக்கத்தை விட்டுவிட்டு, −12-இலிருந்து இடப்பக்கமாகக் கோட்டை வரைய வேண்டும்.