டூரிங் வண்டிக்கு 14 குதிரை கூடிவிட்டதாம், எங்கே கூடியது?

சாட்ஸ்வர்த் கிழவன்:
நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெருமையடித்ததைப் பார்த்திருப்பீர்கள். ஹோண்டா எஸ்டி1300 என்ற நெடுந்தூர பைக்குக்கு வேறு சைலன்சர், கழுவிப் போடும் ஏர் ஃபில்டர், பெட்ரோல் அளவை மாற்றும் பவர் கமாண்டர் மூன்றும் மாட்டினாராம். முன்பு டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் டைனோவில் (பின்சக்கரத்தை டிரம்மின் மேல் ஓடவிட்டுத் திறன் அளக்கும் கருவி) ஏற்றியபோது பின்சக்கரத்தில் 108 எச்பி, அதாவது 108 குதிரை. இப்போது ஜோஹானஸ்பர்க்கில் ஏற்றினால் 122. ஆக 14 குதிரை லாபம், "எஃப்ஜேஆர்காரர்கள் வழிவிடவும்" என்று யமஹா எஃப்ஜேஆர் வைத்திருப்பவர்களுக்குக் கூடவே ஒரு வரி. அங்கேயே கேட்டிருப்பேன். ஆனால் அது கோயில் அறிவிப்புக்கான குழு, அட்மின் சண்டைக்கு வருவார். அதனால் இங்கே கேட்கிறேன். கடல் மட்டத்தில் எடுத்த எண்ணை 1,700 மீட்டர் உயரத்தில் எடுத்த எண்ணிலிருந்து கழித்து லாபம் சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

லெனேசியா 1300:
பெயரைச் சொல்லியே கேட்கலாம் அண்ணே, நான்தான். டைனோ சீட்டு கையில் இருக்கிறது. 122 என்பது திருத்தம் போட்ட எண். காற்றழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் அளந்து கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் தருகிறார்கள். உலகம் முழுக்க இதுதான் முறை. கார்புரேட்டர் வண்டி ஓட்டுகிறவருக்குப் புதிதாக இருக்கலாம். அப்புறம், பைன்டவுன் கடல் மட்டம் இல்லை. கௌவிஸ் ஹில் ஏறித்தானே போகிறீர்கள்?

சாட்ஸ்வர்த் கிழவன்:
என் எஸ்டி1100-ஐ இழுக்காதே தம்பி. அது 1084 சிசி, நூறு குதிரை, நூறு என்றுதான் நானும் சொல்கிறேன், 114 என்று சொன்னதில்லை. கேட்டதற்குப் பதில் சொல். அந்த 14 எங்கே?

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிடம். எந்தத் திறனைப் பற்றிப் பேசுகிறோம்? கம்பெனி எஸ்டி1300-க்குச் சொல்லும் சுமார் 125 எச்பி கிராங்கில், அதாவது எஞ்சினிலேயே அளப்பது. டைனோ காட்டுவது பின்சக்கரத்தில். கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் தின்றது போக மீதி. மேலும் திறன் என்பது டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, சுழற்சி வேகத்தால் பெருக்குவது. நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 100 நியூட்டன் மீட்டர் என்றால் 84 கிலோவாட், அதாவது சுமார் 112 எச்பி. மனைவியையும் மூன்று பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது 4,000 சுழற்சியில் என்ன கிடைக்கிறது என்பதுதானே முக்கியம்? அந்த வரைபடத்தை யாராவது போட்டால் பேசலாம்.

சாட்ஸ்வர்த் கிழவன்:
பிள்ளையவர்களே, வரைபடம் பிறகு. முதலில் 14. ஜோபர்க்கில் காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் அங்கே 17, 18 சதவீதம் இழக்கும். வாலியின் எதிரே போய் நிற்பது மாதிரி, எவ்வளவு பெரிய வீரனானாலும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஊர் வாங்கிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும், இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? 122-இலிருந்து திருத்தத்தை எடுத்தால் டிரம் உண்மையில் கண்டது 101. கீழே 108, மேலே 101. இதற்குப் பெயர் லாபமா?

லெனேசியா 1300:
அப்படியென்றால் எதையும் மாற்றாத கம்பெனி வண்டி இங்கே 90தானே காட்டியிருக்கும்! 90 எங்கே, 101 எங்கே?

சாட்ஸ்வர்த் கிழவன்:
அது 11. நீ சொன்னது 14.

டர்போ பையன்:
ரெண்டு பேரும் விடுங்க. டர்போ போட்ட கார்கள் ஜோபர்க்கில் இவ்வளவு இழப்பதில்லை, பூஸ்ட் காப்பாற்றும். பைக்கில் வேண்டுமென்றால் கவாசாகி எச்2 எஸ்எக்ஸ் வாங்குங்கள். சூப்பர்சார்ஜர், 998 சிசி, 200 குதிரை, பெட்டியும் மாட்டலாம். 14-க்கு அடித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்பானர் தம்பி:
எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு டைனோக்களை ஒப்பிடவே கூடாது. ஒன்று கனமான டிரம்மைச் சுழற்றி அளக்கும், இன்னொன்று பிரேக் போட்டு அளக்கும். டயரில் காற்று குறைந்தால், வண்டியைப் பிடிக்கும் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால், எஞ்சின் சூடேறியிருந்தால் எல்லாமே எண்ணை மாற்றும். அதிலேயே பத்துக் குதிரை வரும், போகும். சைலன்சரும் ஃபில்டரும் மாற்றினால் இந்த மாதிரி வண்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று எச்பி, மேப்பை, அதாவது பெட்ரோல் அளவுக் கணக்கை, நன்றாகப் போட்டால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேம், கம்ப்ரஷன், போர்ட் என்று எஞ்சினைத் திறக்க வேண்டும். வால்வு இடைவெளி சரிபார்த்து த்ராட்டில் பாடிகளை ஒத்திசைத்தாலே தூங்குகிற வண்டி எழுந்துவிடும். பழைய சைலன்சரையும் ஃபில்டரையும் திரும்ப மாட்டி, பழைய மேப்போடு ஒருமுறை, புதியதோடு ஒருமுறை என அதே டைனோவில் அதே நாளில் ஏற்றுங்கள். விஷயம் முடிந்தது.

லெனேசியா 1300:
பழைய சைலன்சரை விற்றுவிட்டேன்.

சாட்ஸ்வர்த் கிழவன்:
விற்றுவிட்டாராம்! சாட்சியையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்.

எட்ஜ்கோம்ப் அக்கா:
அந்தச் சைலன்சர்தானா அது? மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவுக்கு ஒரு வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றதே, உடுக்கைச் சத்தமே கேட்கவில்லை. தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. குதிரை கூடியதோ இல்லையோ, சத்தம் நிச்சயம் கூடியிருக்கிறது.

லெனேசியா 1300:
அக்கா, அது நான் இல்லை. என் சைலன்சரில் சத்தத் தடுப்பு மாட்டியிருக்கிறது.

ஸ்பானர் தம்பி:
தடுப்பு மாட்டி டைனோவில் ஏற்றினீர்களா, கழற்றியா?

லெனேசியா 1300:
கழற்றி.

சாட்ஸ்வர்த் கிழவன்:
ஹா! தெருவில் ஒரு வண்டி, டைனோவில் ஒரு வண்டி. அந்த 108 திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா? அதையாவது சொல்.

லெனேசியா 1300:
சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அனுபவம் பொய் சொல்லாது அண்ணே. டர்பன்-ஜோபர்க் சாலையின் வான் ரீனன் கணவாயில் முன்பு ஐந்தாம் கியரில் முக்கும், இப்போது லாரிகளை அப்படியே தாண்டிப் போகிறேன்.

சாட்ஸ்வர்த் கிழவன்:
தாண்டுவாய். போன முறை நாங்கள் எல்லோரும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நின்றபோது எங்களையும் தாண்டித்தான் போனாய். ஒரு கையைக்கூட காட்டவில்லை. எல்லாருடைய பனி சௌவும் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) என் பெட்டியில் ஆறிக்கொண்டிருந்தது.

லெனேசியா 1300:
அதை இன்னும் மறக்கவில்லையா? மழை வரும் என்று நினைத்துப் போனேன்.

டர்போ பையன்:
ஹாரிஸ்மித்தில் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டீர்களா, 95 போட்டீர்களா? டர்பனிலிருந்து போகிறவர்கள் அங்கே 93 போட்டுவிட்டு வண்டி இழுக்கவில்லை என்பார்கள்.

ஸ்பானர் தம்பி:
மேலே காற்று லேசாக இருப்பதால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுவது) குறைவு, அதனால்தான் உள்நாட்டில் 93 விற்கிறார்கள். எஞ்சின் தட்டவில்லை என்றால் 95 போட்டு ஒரு குதிரையும் கூடாது.

டர்போ பையன்:
என் வண்டி 95 போட்டால் பறக்கிறதே.

ஸ்பானர் தம்பி:
உங்களுடையது டர்போ. அது வேறு கதை என்று நீங்களே மேலே சொன்னீர்கள்.

டர்போ பையன்:
எஸ்டி1300-இல் கம்ப்ரஷன் 10.8, அதற்கும் 95தான் நல்லது. மெக்கானிக் என்றால் எல்லாம் தெரியும் என்று அர்த்தம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
கிராங்கா, சக்கரமா என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

எட்ஜ்கோம்ப் அக்கா:
120-க்கு மேல் ஓட்டினால் அபராதம் வருகிற சாலைக்கு எதற்கு இத்தனை குதிரை? வண்டியே முந்நூறு கிலோவுக்கு மேல். அந்த டாப் பாக்ஸில் இருக்கிற சாமானில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலே மேடு ஏறும். பின்னால் உட்காருகிறவளுக்கும் சாய இடம் கிடைக்கும்.

சாட்ஸ்வர்த் கிழவன்:
அக்கா சொல்வது வேறு விஷயம், நல்ல விஷயம். ஆனால் இவர் சொன்னது 14. எடை குறைத்தேன் என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எஃப்ஜேஆர் 1298 சிசி, கம்பெனிக் கணக்கிலேயே நூற்று நாற்பத்துச் சொச்சம் குதிரை. ஒரு குழாயை மாற்றிவிட்டு அவனை வழிவிடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

லெனேசியா 1300:
உங்களிடம் எஃப்ஜேஆர் இல்லையே, உங்களுக்கு ஏன் கோபம்?

சாட்ஸ்வர்த் கிழவன்:
என் மருமகனிடம் இருக்கிறது.

லெனேசியா 1300:
அப்படிச் சொல்லுங்கள்! இப்போதுதான் புரிகிறது. சீட்டை ஸ்கேன் செய்து போடுகிறேன், மருமகனிடமும் காட்டுங்கள்.

சாட்ஸ்வர்த் கிழவன்:
திருத்தாத எண் தெரிகிற பக்கத்தையும் சேர்த்துப் போடு. மடித்துவைத்து ஸ்கேன் செய்யாதே.

ஸ்பானர் தம்பி:
பேச்சோடு பேச்சாக ஒன்று. என் டார்க் ரென்ச் யாரிடம் இருக்கிறது?

சாட்ஸ்வர்த் கிழவன்:
என்னிடம்தான். அதற்கும் அந்த 14-க்கும் என்ன சம்பந்தம்?