‘பெரிய வீடு’ குழு: அப்பாவின் செவ்வாய், வியாழன், சனி

செல்வி: மாரடைப்புக்குப் பிறகு அப்பாவுக்கு மாத்திரைச் சீட்டோடு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில். மொத்தம் 12 வாரம். என்னால் செவ்வாய் மட்டும்தான் முடியும். மற்ற நாள் யார் கூட்டிப்போவது?

மீனா அத்தை: இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உடற்பயிற்சியா?

மீனா அத்தை: படுத்திருக்கட்டும், விடுங்கள்

செல்வி: டாக்டர் சொன்னதுதான் அத்தை

மீனா அத்தை: எங்கள் அம்மாவுக்கும் டாக்டர்தான் சொன்னார்

கார்த்திக்: அம்மா, அந்தக் கதை இப்போது வேண்டாம்

ரகு சித்தப்பா: எல்லாரும் பொறுமையாகப் படிக்கவும். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே போட்டுவிடுவார்கள். அசையாமல் கிடந்து, காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து இறந்தவர்கள் உண்டு. 1952இல் லெவைன், லோன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து எழுதினார்கள். வெறும் உட்காருவதுதான்! அதற்கே எதிர்ப்பு. இன்று நடக்கவே வைக்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு குறைகிறது, இதய நோயால் இறப்பதும் குறைகிறது. முதலில் சோதித்து, நாடித்துடிப்பு எவ்வளவு ஏறலாம் என்று குறித்துக் கொடுப்பார்கள், மாத்திரைக்கு மில்லிகிராம் மாதிரி. ஆனால் பயிற்சி செய்கிறோமே என்று மாத்திரையை விடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

கார்த்திக்: மாமா 🙏

மீனா அத்தை: நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் அப்பாவின் சாய்வு நாற்காலி எங்கே ரகு?

ரகு சித்தப்பா: பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன்

மீனா அத்தை: எந்த வருடம்?

கார்த்திக்: 😂😂

அப்பா: அது எனக்கென்று அப்பா சொல்லியிருந்தார்

ரகு சித்தப்பா: அண்ணா, நீங்கள் ஓய்வெடுங்கள்

செல்வி: சித்தப்பா!! இவ்வளவு எழுதிவிட்டு?

அம்மா: குளியலறைக்குப் போகவே பயப்படுகிறார். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் மறுபடி வந்துவிட்டதோ என்று என் முகத்தைப் பார்க்கிறார்

செல்வி: அந்தப் பயத்துக்காகவும்தான் அம்மா. ஆரம்பத்தில் ஈசிஜி பார்த்துக்கொண்டேதான் நடக்க வைப்பார்களாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள்

மீனா அத்தை: பேசிக்கொண்டா? அண்ணன் என்றைக்குப் பேசினார்

அப்பா: நீ பேசு, நான் நடக்கிறேன்

கார்த்திக்: சனி நான் வருகிறேன். மீட்டிங் இல்லை என்றால்

செல்வி: இருந்தால்?

கார்த்திக்: வெள்ளி இரவு சொல்கிறேன்

செல்வி: சித்தப்பா, வியாழன்?

ரகு சித்தப்பா: முழங்கால் வலி அம்மா. படி ஏற முடியவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கும் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் முதல் சிகிச்சை என்று

மீனா அத்தை: செய்கிறாயா?

ரகு சித்தப்பா: தொடங்க வேண்டும்

அம்மா: 🙄

மீனா அத்தை: சரி, வியாழன் நான் கூட்டிப்போகிறேன். ஆனால் நானும் உள்ளே உட்காருவேன்

செல்வி: விடுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன் அத்தை

மீனா அத்தை: விடாவிட்டால் வியாழன் கிடையாது