பின்தொடர்கிறவர்களுக்கே நம் பதிவு போவதில்லை: உங்களுக்கு எப்படி?

கறித்தூள் அக்கா, யாழ்ப்பாணம்

வீட்டில் கறித்தூள், மோர்மிளகாய், ஒடியல் மா செய்து விற்கிறேன். எந்தச் சமூக ஊடகத் தளத்தில் என்று சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான். முன்பு "புதுத்தூள் இடித்தாச்சு, கிலோ இவ்வளவு" என்று ஒரு படம் போட்டால் மத்தியானத்துக்குள் ஆர்டர் வந்துவிடும். இப்போது அதே மாதிரிப் படம் என் சொந்தத் தங்கச்சிக்கே போவதில்லை. போன மாதம் சந்தையில் கண்ட ஒரு அம்மா, "ஏன் பிள்ளை, தூள் இடிக்கிறதை விட்டிட்டீரோ?" என்று கேட்டார். அவர் என் பக்கத்தை லைக் போட்டு வைத்திருப்பவர்!

சரி, வீடியோ போட்டால் ஓடும் என்றார்கள். செத்தல் மிளகாய் வறுக்கிறதை மகன் எடுத்தான். தாச்சியில் கறிவேப்பிலை பொரியும் சத்தம், நடுவில் நான் தும்முகிற சத்தம். அது எங்கெங்கோ போய்விட்டது. கமெண்டில் ஹிந்தி, அரபு, இன்னும் என்னென்னவோ. ஆர்டர் ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் வாங்கக்கூடியவர்கள் இல்லை, வாங்கக்கூடியவர்களுக்கு அதைக் காட்டவில்லை. வியூஸ் எண்ணிப் பார்த்து இவர் மட்டும் சந்தோஷப்படுகிறார்.

கொழும்பிலிருந்து ஒருவன்

அக்கா, இலங்கையில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2017 அக்டோபரில் ஃபேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது: இலங்கை, பொலிவியா, குவாத்தமாலா, கம்போடியா, செர்பியா, ஸ்லோவாக்கியா. காசு கட்டாத பக்கங்களின் பதிவுகளை 'எக்ஸ்ப்ளோர்' என்ற தனி இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். திறந்ததும் பதிவுகள் வரிசையாக வருகிற வழக்கமான ஃபீடில் நண்பர், குடும்பம், விளம்பரம் மட்டும். ஸ்லோவாக்கியாவின் பெரிய ஊடகப் பக்கங்களுக்கு லைக், கமெண்ட், ஷேர் எல்லாம் நான்கில் ஒரு பங்காகிவிட்டதாக ஃபிலிப் ஸ்ட்ருஹாரிக் என்ற பத்திரிகையாளர் அப்போது எழுதினார். பெரிய ஊடகங்களுக்கே அந்தக் கதி.

2018 மார்ச்சில் சோதனையைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், நண்பர், குடும்பப் பதிவுகளுக்குத்தான் இனி முதலிடம், பக்கங்களின் பதிவு குறையும் என்று ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பெர்க் உலகத்துக்கே அறிவித்தாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், 2022 ஜூலையில் அவரே வேறு பாட்டுப் பாடினார். ஃபேஸ்புக் ஃபீடில் சுமார் 15 சதவீதம், நாம் பின்தொடராத கணக்குகளிலிருந்து ஏஐ எடுத்துக் காட்டுவது. 2023 முடிவதற்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்றார். மற்றத் தளங்களும் இப்போது அந்த வழியில்தான். உங்கள் மிளகாய் வாசம் அரபு நாட்டுக்குப் போனது அப்படித்தான்.

பழைய புத்தகக் கடை, மதுரை

"பிடிச்சா லைக் போடுங்க, நண்பரை டேக் பண்ணுங்க" என்று கெஞ்சுகிற பதிவுகளைக் கீழே இறக்கப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இன்னமும் அதைத்தான் காசு வாங்கிக்கொண்டு கோர்ஸில் சொல்லித் தருகிறார்கள்.

நான் வாட்ஸ்அப் பிராட்காஸ்டுக்கு மாறிவிட்டேன், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வசதி அது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான், அதுவும் நம் நம்பரை சேவ் பண்ணி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். அதனால் பார்சல் கட்டும்போதே, "இந்த நம்பரை சேவ் பண்ணுங்கள், புது வரவு தெரியும்" என்று ஒரு சீட்டு செருகிவிடுகிறேன். அரிய புத்தகம் ஏதாவது வந்து லிஸ்ட்டில் போட்டால் "எனக்கு, எனக்கு" என்று சண்டையே நடக்கும். பக்கத்தை மூடவில்லை. புது ஆள் தேடி வந்தால் நிஜக் கடைதான் என்று நம்ப வேண்டுமே, அதற்கு வைத்திருக்கிறேன்.

கறித்தூள் அக்கா, யாழ்ப்பாணம்

சீட்டு நல்ல யோசனை தம்பி. என் தூள் பாதிக்கு மேல் கனடாவுக்குத்தான் போகிறது, ஆனால் வாங்குவது இங்கே இருக்கிற மாமியார்மார். அங்கே சமைக்கிற பிள்ளைகளின் நம்பர் என்னிடம் இல்லை. பொட்டலத்துக்குள் சீட்டு வைத்தால் அங்கே போய்த்தானே பிரிப்பார்கள்! இந்தக் கிழமையே அடிக்கக் கொடுக்கிறேன். தூளின் நிறம் ஏறாத பேப்பர் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.