புதுப்பிப்பு: மாம்பழ விலை நிரலில் எப்போதும் எல்ஸ் பகுதிக்கே போன சிக்கல் தீர்ந்தது

வகைப் பெயரைச் சரியாகக் கொடுத்தாலும் நிரல் ஏன் எல்ஸ் பகுதிக்கே (இஃப் நிபந்தனை பொருந்தாதபோது ஓடும் பகுதி) போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலத்தில் எங்கள் மாம்பழக் கடையை வைத்து எழுதிய ஜாவா (நிரல் மொழி) பயிற்சி இது. முதலில் கிலோ, அப்புறம் வகை கேட்கும்; வகைப் பெயரை == வைத்து ஒப்பிட்டு விலை சொல்லும். ஆங்கில எழுத்தில் மல்கோவா என்று சரியாக டைப் செய்தாலும் "அந்த வகை இல்லை" என்றே வந்தது.

== வேண்டாம், ஈக்வல்ஸ் (எழுத்துகளை ஒப்பிடும் கட்டளை) போடுங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) == எழுத்துகளை ஒப்பிடாது; இரண்டும் நினைவகத்தில் இருக்கும் ஒரே ஆப்ஜெக்டா (பொருளா) என்று மட்டும் பார்க்கும். நிரலுக்குள்ளேயே பெயரை எழுதிச் சோதித்தபோது சரியாக வந்ததால்தான் அவ்வளவு குழம்பினேன். அப்படி நேரடியாக எழுதிய ஒரே மாதிரி ஸ்ட்ரிங்குகளை ஜாவா ஒரே ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்கிறது.

எதிர்பாராதது: மாற்றிய பிறகும் எல்ஸ்தான் வந்தது! வகையை இரண்டு அடைப்புக்குறிக்கு நடுவில் பிரிண்ட் செய்து பார்த்தேன். [] என்று காலியாக நின்றது. கிலோவை வாங்கும் நெக்ஸ்ட்இன்ட் (முழு எண்ணைப் படிக்கும் கட்டளை) எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது, தட்டிய என்டர் அப்படியே மிச்சம். அடுத்து வகையை வாங்கும் நெக்ஸ்ட்லைன் (ஒரு வரியைப் படிக்கும் கட்டளை) அந்த மிச்சத்தை வாங்கிவிடுகிறது. அந்த என்டரை வாங்கிக்கொள்ள நடுவில் இன்னொரு நெக்ஸ்ட்லைன் போட்டேன்.

இப்போது மல்கோவா, இமாம்பசந்த், குண்டு மூன்றுக்கும் விலை சரியாக வருகிறது.